6 அங்குல டாப்சோனியனில் எப்சிலான் லைரே பிரியவில்லை: குறை கண்ணாடியிலா, வேறு எங்காவதா?

திருச்சி_டாப் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கருவி 150 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி), டாப்சோனியன் பீடம் (கையால் தள்ளித் திருப்பும் எளிய பீடம்), குவியத்தூரம் 1200 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 25 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று, உருப்பெருக்கத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. பார்க்கும் இடம் திருச்சி, கான்கிரீட் மொட்டை மாடி. மே நடுப்பகுதி, இரவு 9 முதல் 11 வரை.

மிசார், கோர் கரோலி என்ற இரட்டை விண்மீன்கள் உடனே இரண்டிரண்டாகப் பிரிந்து தெரிகின்றன. சிம்மத்தில் உள்ள அல்ஜீபா 120 மடங்கில் இரண்டு என்று தெரிகிறது, ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு கொதிக்கின்றன. லைரா விண்மீன் குழுவில் உள்ள எப்சிலான் லைரே 25 மி.மீ. ஐபீஸில் அகலமான ஒரு ஜோடி. அந்த ஜோடியின் ஒவ்வொரு விண்மீனும் மறுபடி இரண்டாகப் பிரிய வேண்டும், அதுதான் பிரியவே இல்லை. 240 மடங்கில் பஞ்சு உருண்டை மாதிரி ஆகிவிடுகிறது. கேட்டையின் துணை விண்மீன் தெரியவே இல்லை, ஆரஞ்சுத் தீப்பொறிதான்.

ஒரு கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளியைச் சொல்லும் டாஸ் வரம்புக் கணக்கில் 150 மி.மீ.க்கு 116ஐ 150ஆல் வகுத்தால் 0.77 விகலை (ஒரு விகலை பாகையில் 3600இல் ஒரு பங்கு) வருகிறது. எப்சிலான் லைரேயின் நெருங்கிய ஜோடிகளோ 2.3 விகலை. மூன்று மடங்கு இடம் இருந்தும் ஏன் பிரியவில்லை? முதன்மைக் கண்ணாடி சரியில்லையா? 6 மி.மீ. ஐபீஸ் வாங்கினால் தீருமா? எந்த வரிசையில் எந்த விண்மீன்களைப் பார்த்துப் பழகுவது?


விகலை

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது: மே நடுப்பகுதி, இரவு 11 மணி. திருச்சியிலிருந்து அந்த நேரத்தில் எப்சிலான் லைரே வடகிழக்கில் ஏறத்தாழ 25 பாகை உயரத்தில்தான் நிற்கும். தலைக்கு மேலே பார்ப்பதைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான காற்றைத் துளைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள், அதுவும் அடுத்தடுத்த வீட்டு மாடிகளிலிருந்து கிளம்பும் சூட்டுக் காற்றை. அதே ஜோடி அதிகாலை 2.30க்கு 58 பாகைக்கு ஏறிவிடும், 3.30 வாக்கில் உச்சம், 61 பாகை. ஜூலை கடைசியில் இரவு பத்தே முக்காலுக்கே உச்சத்துக்கு வந்துவிடும், மேகம் விட்டால். கண்ணாடியைக் குறை சொல்வதற்கு முன்னால் 2.30க்கு ஒரு முறை பாருங்கள்.

டாஸ் வரம்பை எல்லோரும் தப்பாகத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அது சம வெளிச்சமுள்ள, ஏறக்குறைய 6ஆம் மேக்னிட்யூட் (விண்மீன் வெளிச்சத்தின் அளவு, எண் கூடினால் மங்கல்) ஜோடிக்கு, அசையாத காற்றில், நீண்ட பழக்கம் உள்ள கண்ணுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் கருவி காட்டும் விண்மீன் ஒரு புள்ளி அல்ல. நடுவில் ஒரு தட்டு, சுற்றிலும் வளையங்கள். 150 மி.மீ.யில் முதல் கருவளையத்தின் ஆரம் 0.92 விகலை. எனவே 2.3 விகலை ஜோடியில் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் காற்று, சூடு, கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒரே அச்சில் அமைவது), கண்ணாடியின் பிடிப்பு இந்த நான்கில் ஒன்று கெடுக்கிறது. கண்ணாடியை அரைத்த விதமே தப்பு என்பது கடைசிச் சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும்.

உருப்பெருக்கத்துக்கு வருவோம். ஜோடியின் இடைவெளி கண்ணுக்கு 4 முதல் 5 கலை (ஒரு கலை 60 விகலை) அகலமாக வந்தால் சிரமமில்லாமல் பிரியும். 2.3 விகலையை 120 மடங்கு பெருக்கினால் 276 விகலை, அதாவது 4.6 கலை. நல்ல காற்றில் உங்கள் 10 மி.மீ. ஐபீஸே போதும் என்று அர்த்தம். 6 மி.மீ. வாங்கினால் 200 மடங்கு கிடைக்கும். இரட்டை விண்மீனுக்கு அருமையான அளவுதான், ஆனால் இன்றைய குறை அதனால் தீராது. பஞ்சு உருண்டை இன்னும் பெரிய பஞ்சு உருண்டையாகும், அவ்வளவுதான்.

வரிசை கேட்டீர்கள். மே மாதத்துக்கு இப்படிப் போகலாம். இருட்டியதும் அல்ஜீபா, 4.7 விகலை, மேக்னிட்யூட் 2.4, 3.6. அப்போது அது 70 பாகை உயரத்தில் இருக்கும், அன்றைய காற்று எப்படி என்பதை அதை வைத்தே எடை போடலாம். ஒன்பதரைக்குக் கன்னியில் போரிமா: இரண்டுமே 3.5, இரட்டைப் பிறவி மாதிரி. 169 ஆண்டுக்கு ஒரு சுற்று. 2005இல் 0.4 விகலைக்கு நெருங்கி எந்தச் சின்னக் கருவிக்கும் பிடிபடாமல் இருந்தது, இன்று 3 விகலைக்கு மேல் விலகி வந்துவிட்டது. வாழ்நாளிலேயே அசைவு தெரியும் ஜோடி என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது வரைந்து வையுங்கள். பதினொன்றரைக்குப் பூட்டஸில் ஈசார், 2.9 விகலை, ஆனால் 2.6க்குப் பக்கத்தில் 4.8. இதுதான் உண்மையான பரீட்சை. ஈசார் பிரிந்தால் எப்சிலான் லைரே கட்டாயம் பிரியும். நள்ளிரவுக்குப் பிறகு விருச்சிகத்தின் நெற்றியில் பீட்டா, 13.6 விகலை, இது ஓய்வுக்கு. கேட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வேறு யாராவது எழுதுவார்கள்.


கிழக்குமாடி

மேலே சொன்னதோடு சேர்த்து, சூட்டைப் பற்றி. நம் ஊரில் இரட்டை விண்மீனுக்கு முதல் எதிரி தெருவிளக்கு அல்ல, மாடித் தளம். 3ஆம் மேக்னிட்யூட் ஜோடிக்குத் தெருவிளக்கோ நிலவோ ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் பௌர்ணமி வெளிச்சத்தில் கண் கூசாமல் பிரகாசமான ஜோடிகள் இன்னும் தெளிவாகவே தெரியும். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், மே மாதத்தில் நள்ளிரவு தாண்டியும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அலை நேராகக் குழாயின் வாய் வழியாக ஏறுகிறது.

வீட்டுப் பின்புறம் மண் தரையோ புல்லோ இருந்தால் அங்கே இறக்கிவிடுங்கள், இதைவிடப் பெரிய முன்னேற்றம் காசு கொடுத்தும் கிடைக்காது. மாடிதான் வழி என்றால் மாலை 5 மணிக்குத் தளத்தில் தண்ணீர் ஊற்றி, இருட்டுவதற்குள் காய விடுங்கள். பார்க்கும் நேரத்தில் ஈரம் இருக்கக் கூடாது, அந்த ஆவியே படத்தைக் கலக்கும். பீடத்துக்கு அடியில் தடித்த கயிற்றுப் பாய் விரித்தால் அதிர்வும் குறையும். ஏசி வெளி யூனிட் ஓடும் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

கருவியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாடிப்படி அறையில் வைத்தால் பகலில் கண்ணாடி அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சூடேறும். ஏசி அறையில் வைத்தால் நேர்மாறு, வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடியில் வேர்த்துவிடும். அதைத் துணியால் துடைக்கவே கூடாது, பூச்சு கீறும். தானாக உலர விட வேண்டும். ஏசி இல்லாத, வெயில் படாத கீழ் அறைதான் நல்லது. அங்கிருந்து எடுத்துவந்து மூடியைக் கழற்றி, குழாயைச் சாய்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். முதன்மைக் கண்ணாடிக்குப் பின்னால் 80 மி.மீ. கணினி விசிறி ஒன்றை ரப்பர் பட்டையில் தொங்கவிட்டால் அரை மணியில் வேலை முடியும். 12 வோல்ட் விசிறியை 6 முதல் 9 வோல்ட்டில் ஓட்டினால் அதிர்வு இருக்காது. நேராகத் திருகாணி போட்டு இறுக்கினால் படம் நடுங்கும்.

கண்ணாடி ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பிரகாசமான விண்மீன் ஒன்றை ஃபோகஸிலிருந்து நன்றாக விலக்கி ஒளித்தட்டைப் பாருங்கள். அதன் மேல் மெதுவாக ஊர்ந்து சுருளும் கோடுகள் இருந்தால் சூடு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. ஒரே திசையில் சரசரவென்று ஆறு ஓடுவது மாதிரி ஓடினால் அது வானக் காற்று. முதலாவதற்கு வைத்தியம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. அன்று அகலமான ஜோடிகளைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

இன்னொன்று. மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருக்கும் இரவில் விண்மீன்கள் மினுமினுவென்று துடித்தால், இரட்டை விண்மீனுக்கு அது நல்ல இரவு இல்லை. காற்றே அசையாமல், புழுக்கமாக, லேசாக மூட்டம் போட்ட இரவில்தான் பல நேரம் வளையங்கள் செதுக்கியது மாதிரி நிற்கும். அந்த இரவைத் தவற விடாதீர்கள்.


ஆடிமுகம்

நண்பரே, ஃபோகஸ் விலக்கிப் பார்க்கும்போது வட்டம் உண்மையிலேயே வட்டமாக இருக்கிறதா? அதைச் சொல்லவில்லையே. சரிபார்க்கும் முறை இது.

முதலில் பகலில் கொலிமேஷன். ஐபீஸ் குழாயின் தூசி மூடியில் நட்ட நடுவே 2 மி.மீ. துளை போட்டு அதன் வழியாகப் பாருங்கள். துணைக் கண்ணாடிக்குள் (குழாய் வாயருகே சாய்ந்து நிற்கும் சிறு கண்ணாடி) முதன்மைக் கண்ணாடியின் மூன்று பிடிகளும் தெரிய வேண்டும். முதன்மையின் நடுப்புள்ளி துணைக் கண்ணாடியின் நடுவுக்கு வரும்படி துணைக் கண்ணாடியின் சிறு திருகாணிகளைச் சரிசெய்யுங்கள். பிறகு முதன்மையின் அடித் திருகாணிகளைக் கொண்டு மூடித் துளையின் பிம்பத்தை அந்த நடுப்புள்ளிக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் எஃப்/8 கண்ணாடி (குவியத்தூரம் விட்டத்தைப் போல 8 மடங்கு) மன்னிக்கும் குணம் உள்ளது, குவியத்தளத்தில் 11 மி.மீ. அகலம் வரைக்கும் படம் கெடாது. எஃப்/5இல் அந்த இடம் 3 மி.மீ.க்கும் குறைவு. எனவே உங்களுக்கு இது சிரமமாக இருக்காது.

இரவில், 2 அல்லது 3ஆம் மேக்னிட்யூட் விண்மீன், 60 பாகைக்கு மேல், 240 மடங்கு. வடக்கத்திப் புத்தகங்களில் துருவ விண்மீனை வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள், அசையாது என்பதற்காக. திருச்சியில் அது 11 பாகை உயரத்தில் புகைக்குள் கிடக்கிறது, நமக்கு உதவாது. உங்கள் பார்லோ சேர்க்கையில் காட்சிப் புலம் 12 கலைக்குச் சற்று மேல். வான நடுக்கோட்டு விண்மீன் அதைக் கடக்க 50 விநாடி ஆகும். அது நடுவைக் கடக்கும் பத்துப் பன்னிரண்டு விநாடியில் மட்டும் தீர்ப்புச் சொல்லுங்கள். ஓரத்தில் தெரிவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம்.

ஃபோகஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக விலக்குங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் அமைந்தால் கொலிமேஷன் சரி. வட்டம் முட்டை வடிவமாகி, ஃபோகஸின் மறுபக்கம் போனதும் முட்டை 90 பாகை திரும்பினால் அது அஸ்டிக்மாட்டிசம், அதாவது ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறை. ஐபீஸை மட்டும் கையால் சுற்றுங்கள். முட்டையும் சுற்றினால் குறை ஐபீஸில். உங்கள் தலையைச் சாய்க்கும்போது சுற்றினால் குறை கண்ணில். எதற்கும் அசையாவிட்டால் கண்ணாடியில். வட்டம் மூன்று மூலை வைத்த முக்கோணமாக இருந்தால் பிடிகள் கண்ணாடியை நெரிக்கின்றன என்று பொருள்.

இது நெருங்கிய ஜோடிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அஸ்டிக்மாட்டிசம் உள்ள கருவி ஒற்றை விண்மீனையும் நீட்டி இரட்டையாகக் காட்டும். எந்த ஜோடி நீளமாகத் தெரிந்தாலும் பக்கத்தில் அதே வெளிச்சமுள்ள இன்னொரு விண்மீனைப் பார்த்து, அதுவும் அதே திசையில் நீண்டிருக்கிறதா என்று ஒப்பிடாமல் குறிப்பேட்டில் எழுத வேண்டாம்.


திருச்சி_டாப்

விகலை அண்ணா, கிழக்குமாடி, ஆடிமுகம் மூவருக்கும் நன்றி. கருவி மாடிப்படி அறையில்தான் இருக்கிறது. கீழே மாற்றிவிட்டேன். சோதனை செய்து பார்த்ததில் வளையங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றன, ஆனால் வட்டம் இல்லை, மூலை மழுங்கிய முக்கோணம். ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகும் அப்படியே. ஐபீஸைச் சுற்றினாலும் மாறவில்லை. ஃபோகஸில் விண்மீனைச் சுற்றி மூன்று சிறு கொம்புகள். இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?


ஆடிமுகம்

முடியும், அரை மணி நேர வேலை. குழாயைக் கிடையாகப் படுக்க வையுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கழற்றினால் கண்ணாடியின் எடை முழுக்கக் கையில் வந்துவிடும். கண்ணாடிக் கூண்டும் குழாயும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே திசையில் உட்காரும். குழாயின் பின் ஓரத்தில் பக்கவாட்டில் உள்ள திருகாணிகளை எடுத்தால் கூண்டு மொத்தமாக வெளியே வரும். கண்ணாடி முகம் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். முகத்தில் விரலோ எச்சிலோ படக் கூடாது.

மூன்று பிடிகளின் ரப்பர் நுனிகளும் கண்ணாடியை அழுத்திக்கொண்டு இருக்கும். ஒவ்வொரு பிடியின் திருகாணியையும் சற்றுத் தளர்த்தி, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு காகிதம் தடையில்லாமல் போய்வரும் அளவுக்கு விடுங்கள். பிடியின் வேலை, குழாய் கவிழ்ந்தால் கண்ணாடி விழாமல் தடுப்பது. பிடித்து நிறுத்துவது அதன் வேலை அல்ல. பக்கவாட்டில் அழுத்தும் திருகாணி ஏதும் இருந்தால் அதையும் கவனியுங்கள். ரொம்பத் தளர்த்தினாலும் தொல்லை, குழாயை உயர்த்தித் தாழ்த்தும்போதெல்லாம் கண்ணாடி நகர்ந்து கொலிமேஷன் ஓடிவிடும். பூட்டியதும் கொலிமேஷனை முதலிலிருந்து செய்யுங்கள்.

முக்கோணம் போகாவிட்டால் அடுத்து துணைக் கண்ணாடி. அதன் முதுகில் பசை பெரிய பரப்பில் ஒட்டியிருந்தால் அதுவும் இழுக்கும். ஆனால் அது பெரும்பாலும் முட்டை வடிவத்தைத் தரும், முக்கோணத்தை அல்ல. எனவே பிடிகள் என்றே நினைக்கிறேன்.


கேட்டைநோக்கி

கேட்டையைப் பற்றி எழுத இடம் விட்டிருக்கிறார்கள், எழுதிவிடுகிறேன்.

கேட்டை மேக்னிட்யூட் 1, துணை 5.4, இடைவெளி 2.7 விகலை. எண்ணைப் பார்த்தால் எப்சிலான் லைரேயைவிட எளிது மாதிரி தெரியும். சிக்கல் எங்கே என்றால், 150 மி.மீ. கருவியில் பிரதான விண்மீனின் மூன்றாவது ஒளிவளையத்தின் ஆரம் ஏறத்தாழ 2.8 விகலை. துணை சரியாக அந்த வளையத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காற்று கொஞ்சம் கலங்கினாலும் வளையம் துண்டு துண்டாகி அதில் ஐம்பது பொய்த் துணைகள் முளைக்கும். திசையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: துணை கிட்டத்தட்ட நேர் மேற்கில், நிலைக்கோணம் (வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணும் திசைக் கோணம்) 277 பாகை. டாப்சோனியனைத் தொடாமல் விட்டால் விண்மீன் புலத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் மேற்கு, அந்தப் பக்கத்தில் ஒட்டினாற்போல் தேடுங்கள். நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை காற்று அமைதியாகும் கணத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது துணை. பச்சை நிறமாகத் தோன்றும். அது ஆரஞ்சுக்குப் பக்கத்தில் கண் செய்யும் வேலை, உண்மையில் அது நீலவெள்ளை விண்மீன்.

இந்தத் துணையை முதலில் கண்டதே நிலவின் உதவியால்தான். 1819 ஏப்ரல் 13 அன்று வியன்னாவில் யோஹான் டோபியாஸ் பூர்க், நிலவு மறைத்திருந்த கேட்டை வெளிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மங்கலான ஒரு விண்மீன் வந்தது, சில விநாடி கழித்துத்தான் கேட்டை வந்தது. துணை மேற்கில் இருப்பதால் நிலவின் மேற்கு விளிம்பிலிருந்து அது முந்திக்கொண்டு வருகிறது. கேட்டையை நிலவு மறைக்கும் நாள் உங்கள் ஊருக்கு அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். லண்டனிலிருந்து கேட்டை 12 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. திருச்சியில் 53 பாகை. நல்ல நேரம் மே இரவு அல்ல, மார்ச் விடியல். மார்ச் நடுவில் காலை 5.45க்குக் கேட்டை தெற்கு உச்சத்தை ஒட்டி நிற்கும், கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். வெளுத்த வானம் பிரதான விண்மீனின் கூச்சத்தை அமுக்குகிறது, மாடியும் இரவு முழுக்க ஆறியிருக்கிறது. 200 மடங்கு வைத்து, சூரியன் வரும் வரை விண்மீனை விடாமல் பாருங்கள்.

சிரியஸுக்கும் இதே தந்திரம், மாலையில். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் சிரியஸ் உச்சத்தில் இருக்கும். துணை 8.5 மேக்னிட்யூட், இப்போது இடைவெளி 11 விகலை அளவில். 50 ஆண்டுச் சுற்றில் இது விலகி நிற்கும் காலம், அடுத்த பல ஆண்டுகளில் நெருங்கத் தொடங்கிவிடும், தள்ளிப்போட வேண்டாம். 1862 ஜனவரி 31 அன்று ஆல்வன் கிரகாம் கிளார்க் 18.5 அங்குல லென்ஸைச் சோதிக்கும்போது கண்டது இதை. துணை கிழக்குப் பக்கம் இருப்பதால் சிரியஸுக்குப் பின்னால் வருகிறது. எனவே கருவியை நிறுத்திவிட்டுச் சிரியஸைப் புலத்தின் மேற்கு ஓரத்தில் வெளியேற விடுங்கள். அது மறைந்த பின் அரை விநாடிக்குச் சற்று மேல் துணை மட்டும் புலத்தில் நிற்கும். இருபது முப்பது முறை செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன் ரைஜெலில் பழகுங்கள்: 0.2, 6.8, இடைவெளி 9.5 விகலை. ரைஜெலின் துணை 120 மடங்கில் சட்டென்று தெரியாத இரவில் சிரியஸை முயல்வது வீண்.

நியூட்டோனியனில் துணைக் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகள் நான்கு ஒளிக்கதிர்களை உண்டாக்கும். துணை விண்மீன் ஒரு கதிரின் மேல் விழுந்தால் எவ்வளவு முயன்றாலும் தெரியாது. டாப்சோனியனில் கதிர்கள் குழாயோடு நிலையாக இருக்கும், வானம்தான் அதற்குள் மெல்லத் திரும்பும். எனவே முக்கால் மணி கழித்துத் திரும்பப் பார்த்தால் துணை கதிரைவிட்டு விலகியிருக்கும்.

வளையங்களை அடக்க வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு மறைப்பு உண்டு. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை மூன்று துண்டு. குழாய் வாய் அளவுக்கு அட்டை வளையம். முதல் வலையில் நடுவே 135 மி.மீ. துளை, இரண்டாவதில் 117, மூன்றாவதில் 82, அதாவது கண்ணாடி விட்டத்தில் 90, 78, 55 சதவீதம். ஒவ்வொரு வலையையும் முந்தையதற்கு 30 பாகை திருப்பி ஒட்டுங்கள். கண்ணாடியின் ஓரத்து வெளிச்சம் படிப்படியாகக் குறைவதால் வளையங்கள் மங்கும், பிரதான விண்மீனைச் சுற்றி இருட்டு இடம் கிடைக்கும். தூரத்தில் வானவில் நிறத் துண்டுகள் சுற்றி நிற்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஈசாருக்கும் கேட்டைக்கும் நன்றாக உதவும். சிரியஸ் துணைக்குத் தூரம் அதிகம், அந்த நிறத் துண்டுகள் குறுக்கே வரலாம். சம வெளிச்ச ஜோடிக்கு இது தேவையே இல்லை, பிரிதிறன்தான் குறையும்.


விகலை

தெற்கை யாரும் தொடவில்லையே. மே மாதத்தில் ஒன்பது மணிக்குத் தென்சிலுவையின் அடி விண்மீன் ஆக்ரக்ஸ் உச்சத்தில் இருக்கும், திருச்சியில் 16 பாகை உயரம். 1.3, 1.6 மேக்னிட்யூட், 4 விகலை, வைரத் தோடு ஜோடி மாதிரி. பதினொன்று இருபதுக்கு ஆல்ஃபா சென்டாரி, 18 பாகை. 80 ஆண்டுச் சுற்று. 2016 வாக்கில் 4 விகலைக்கு நெருங்கி, அதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டே வருகிறது. 120 மடங்கில் தாராளமாகப் பிரியும். தெற்கே வீடுகள் மறைக்காத இடம் வேண்டும்.

இவ்வளவு தாழ்வில் காற்றே முப்பட்டகமாகிவிடும். 20 பாகை உயரத்தில் ஒரு விண்மீனின் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே 2 விகலை அளவுக்கு இழுப்பு இருக்கும். ஒரு ஓரம் நீலம், மறு ஓரம் சிவப்பு என்று தெரிந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். பச்சை அல்லது மஞ்சள் ஃபில்டர் போட்டால் இழுப்பு குறைந்து தட்டு சுருங்கும். இரண்டும் பிரகாசமானவை, வெளிச்சம் குறைவது பொருட்டில்லை.

ஆல்ஃபா சென்டாரி இரட்டை என்று முதலில் கண்டது நம் கரையில்தான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ அதைக் குறித்தார். புதுச்சேரியிலும் திருச்சியிலும் அந்த விண்மீன் நிற்கும் உயரத்தில் வித்தியாசம் ஒரு பாகைதான், அவர் பார்த்ததும் இதே தாழ்ந்த, கொதிக்கும் காற்றின் வழியாகத்தான். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் டபிள்யூ. எஸ். ஜேக்கப்பும் இரட்டை விண்மீன்களை அளந்தவர். 1855இல் 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் கணக்குக்கு ஒத்துவராத பிசகு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இழுக்கலாம் என்று எழுதினார். அந்த முடிவு பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் விகலையின் பின்னத்தை மைக்ரோமீட்டரால் அளந்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது. அந்த ஜோடி 88 ஆண்டுக்கு ஒரு சுற்று, 4.2க்குப் பக்கத்தில் 6.0, இன்று 6 விகலைக்கு மேல். அதிகாலை 2.30க்கு உங்கள் தலைக்கு மேல் நிற்கும்போது பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பட்டியலைப் பார்த்துவிட்டு ஐபீஸில் கண் வைத்தால், இல்லாததையும் மனம் காட்டும். எனவே பெயரையும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தாளில் ஒரு வட்டம், விண்மீன் ஓடும் திசையில் மேற்கு. குழாயைத் துருவ விண்மீன் பக்கம் லேசாகத் தள்ளினால் புதிய வானம் எந்த ஓரத்திலிருந்து உள்ளே வருகிறதோ அது வடக்கு. நிலைக்கோணம் என்பது வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணுவது. நியூட்டோனியனில் படம் தலைகீழாக இருக்குமே தவிர இடவலம் மாறாது, அதனால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் எண்ண வேண்டும். டயகனல் (பார்வையை வளைத்துத் திருப்பும் கண்ணாடி) போட்ட லென்ஸ் தொலைநோக்கியில் இது மாறிவிடும். கோணத்தை ஊகித்து எழுதிய பிறகுதான் வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலைத் திறக்க வேண்டும். ஊகம் 10 பாகைக்குள் பொருந்தினால் உண்மையிலேயே பார்த்திருக்கிறீர்கள்.


திருச்சி_டாப்

மூன்று பிடிகளுமே இறுகித்தான் இருந்தன. காகிதம் போகும் அளவுக்குத் தளர்த்தி, கொலிமேஷன் செய்தாயிற்று. முக்கோணம் போய்விட்டது. அதிகாலை 2.40, மண் தரை, 120 மடங்கு: எப்சிலான் லைரேயின் நான்கும் தனித்தனி, நடுவே கறுப்பு இடைவெளி. பட்டியலைப் பார்க்காமல் எழுதிய கோணம் எப்சிலான் 1க்கு 350, எப்சிலான் 2க்கு 80. ஈசாரில் வடக்குப் பக்கம் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.


விகலை

பட்டியலில் எப்சிலான் 1 ஏறத்தாழ 345 பாகை, எப்சிலான் 2 ஏறத்தாழ 75. இரண்டிலும் ஒரே பக்கமாக 5 பாகை தள்ளியிருக்கிறது. அப்படியானால் ஊகம் சரி, வடக்கைக் குறித்த கோடுதான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அடுத்த முறை விண்மீனைப் புலத்தின் நடுவில் வைத்து ஓரம் வரை ஓட விட்டு மேற்கைக் குறியுங்கள், பாதி வழியில் குறிக்க வேண்டாம். ஈசாரின் துணை வடக்கு வடமேற்கில்தான் இருக்கிறது, மேக்னிட்யூட் 4.8. கேள்விக்குறியை இப்போதே எடுக்க வேண்டாம், கொசுவலை மறைப்போடு இன்னொரு இரவு பார்த்துவிட்டு எடுங்கள்.